பனியன் கம்பெனியும் பவுண்டரியும்: கொங்கு வட்டாரத்தில் தொழிலாளர் உற்பத்தித்திறனை ஒப்பிடுவது எப்படி? கேள்விகளும் பதில்களும்

கோவையிலிருந்து கரூர் வரை ஒரே நெடுஞ்சாலையில் நூல் மில், பவுண்டரி (வார்ப்பாலை), பம்ப் கம்பெனி, தறிக்குடோன், சாயப்பட்டறை, பனியன் கம்பெனி எல்லாம் வரிசையாக இருக்கின்றன. "எந்தத் தொழிலில் ஆளுக்கு எவ்வளவு உற்பத்தி?" என்ற கேள்வி கடன் விண்ணப்பத்திலும் வரும், கூலிப் பேச்சிலும் வரும், கல்லூரி ஆய்வேட்டிலும் வரும். தவறாகக் கணக்குப் போட்டால் பழி போய் விழுவது தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் தலையில். அதனால் கணக்கைச் சரியாகப் போடும் வழியை இங்கே சொல்கிறோம்.

எதை எதால் வகுக்க வேண்டும்?

கூட்டுமதிப்பை உழைப்பால் வகுக்க வேண்டும். கூட்டுமதிப்பு என்பது ஆலை விற்ற சரக்கு, செய்து கொடுத்த வேலை ஆகியவற்றின் மதிப்பிலிருந்து வெளியே வாங்கிய நூல், சாயம், மின்சாரம், விறகு, உதிரிபாகம், வெளியில் கொடுத்த ஜாப் ஒர்க் கூலி எல்லாவற்றையும் கழித்த மீதி. சம்பளத்தைக் கழிக்கக் கூடாது. வட்டியும் லாபமும் சம்பளமும் இந்த மீதிக்குள்ளிருந்துதான் பங்கு போகின்றன.

தேய்மானத்தைக் கழிக்காவிட்டால் மொத்தக் கூட்டுமதிப்பு, கழித்தால் நிகரக் கூட்டுமதிப்பு. இரண்டில் எதை எடுத்தாலும் எல்லாத் தொழிலுக்கும் அதையே எடுக்க வேண்டும். தேய்மானத்தை ஒவ்வொரு கம்பெனியும் வருமான வரிக்கு ஏற்றபடி எழுதுவதால், ஒப்பீட்டுக்கு மொத்தக் கூட்டுமதிப்பே நம்பகமானது.

விற்றுமுதலை ஆட்கள் எண்ணிக்கையால் வகுத்தால் என்ன தவறு? எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள்?

ஒரே கம்பெனியை வைத்தே பார்க்கலாம். கணக்குக்காக எடுத்த எண்கள் இவை. ஒரு பனியன் கம்பெனி ஆண்டுக்கு 50 கோடிக்கு விற்கிறது. நூல், சாயக்கூலி, மின்சாரம் எல்லாம் சேர்த்து 38 கோடி. உள்ளே 400 பேர். கூட்டுமதிப்பு 12 கோடி, ஆளுக்கு 3 லட்சம். விற்றுமுதல் ஆளுக்கு 12.5 லட்சம்.

அடுத்த ஆண்டு முதலாளி தையலை முழுக்க வெளியே பவர் டேபிள் யூனிட்டுகளுக்கு (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பட்டறைகளுக்கு) கொடுத்துவிடுகிறார். உள்ளே கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங் மட்டும், 150 பேர். வெளித் தையலுக்கு 7 கோடி கூலி. விற்பனை அதே 50 கோடி. இப்போது விற்றுமுதல் ஆளுக்கு 33.3 லட்சம்! உற்பத்தித்திறன் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் கூட்டுமதிப்பு 5 கோடி, ஆளுக்கு 3.33 லட்சம். உண்மையில் மாறியது அவ்வளவுதான். மீதியெல்லாம் ஆட்கள் ஒரு கூரையிலிருந்து இன்னொரு கூரைக்குப் போன கணக்கு.

திருப்பூரில் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொரு கட்டமும் ஜாப் ஒர்க்காகவே ஓடுவதால், அங்கே விற்றுமுதல் எண் அறவே உதவாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் இணைக்கும் ஆலைகளிலும் இதே சிக்கல் வேறு உருவில் உண்டு. போனின் மதிப்பில் பெரும்பகுதி வெளியிலிருந்து வரும் பாகங்களின் விலை. ஆளுக்கு விற்றுமுதல் மலை போல நிற்கும், கூட்டுமதிப்பு அந்த உயரத்துக்கு வராது.

இந்த எண்கள் எங்கே கிடைக்கும்?

பதிவு பெற்ற ஆலைகளுக்கு ஏ.எஸ்.ஐ. எனப்படும் தொழிற்சாலைகளின் ஆண்டாய்வு. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் பதிவான ஆலைகள், அதாவது மின்சாரத்தோடு 10 பேரோ அதற்கு மேலோ, மின்சாரம் இல்லாமல் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்பவை, இதில் அடங்கும். ஆலைகளின் எண்ணிக்கையிலும் வேலை செய்வோர் எண்ணிக்கையிலும் நாட்டிலேயே தமிழ்நாடுதான் முதலிடம். இரண்டிலும் ஏறக்குறைய 15 சதவீதம்.

பதிவு பெறாத சிறு யூனிட்டுகளுக்கு ஏ.எஸ்.யு.எஸ்.இ. ஆய்வும், வீட்டுக்கு வீடு எடுக்கும் வேலைவாய்ப்புக் கணக்குக்கு 2017-18 முதல் நடக்கும் பி.எல்.எஃப்.எஸ். ஆய்வும் உள்ளன.

மூன்றையும் கலக்கும் முன் ஆண்டு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஏ.எஸ்.ஐ. ஏப்ரல் முதல் மார்ச் வரை. பி.எல்.எஃப்.எஸ். ஆண்டறிக்கை 2023-24 வரை ஜூலை முதல் ஜூன் வரை. ஏ.எஸ்.யு.எஸ்.இ. 2023-24 என்பது அக்டோபர் முதல் செப்டம்பர் வரை. மூன்றிலும் "2023-24" என்றே போட்டிருக்கும்.

ஏ.எஸ்.ஐ. படிவத்தில் எந்த இடத்தைப் பார்க்க வேண்டும்?

ஈ-பிளாக்கில் ஆட்களும் ஆள்நாட்களும் சம்பளமும். எச்-பிளாக்கில் உள்நாட்டு மூலப்பொருள், ஐ-பிளாக்கில் இறக்குமதி, ஜே-பிளாக்கில் உற்பத்தியான சரக்கு. இவை யார் கண்ணிலும் படும். தவறு நடப்பது எஃப், ஜி பிளாக்குகளில். நம் பொருளைக் கொடுத்து வெளியாளிடம் செய்து வாங்கிய வேலைக்குக் கொடுத்த கூலி எஃப்-பிளாக்கில் இருக்கும். பிறர் பொருளை வாங்கி நாம் செய்து கொடுத்த வேலைக்கு வந்த கூலி ஜி-பிளாக்கில் இருக்கும்.

சாயப்பட்டறையும் நிட்டிங் யூனிட்டும் பெரும்பாலும் ஜி-பிளாக் வருமானத்தில் ஓடுபவை. ஜே-பிளாக்கை மட்டும் கூட்டினால் அந்த யூனிட் ஒன்றுமே உற்பத்தி செய்யாதது போலத் தெரியும். இந்த ஒரு வரி விடுபட்டதால் திருப்பூர் பற்றிய கணக்குகள் பல கெட்டுப்போகின்றன.

ஆட்களை எண்ணுவதில் என்ன பெரிய சிக்கல்?

பெரிய சிக்கல்தான். ஒப்பீடுகள் அதிகமாகச் சறுக்குவதே இங்கேதான்.

முதலில், யார் யாரைச் சேர்ப்பது? ஏ.எஸ்.ஐ.யில் "தொழிலாளர்" என்றால் நேரடித் தொழிலாளரும் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவரும். "மொத்தம் வேலை செய்வோர்" என்றால் சூப்பர்வைசர், ஆபீஸ் ஊழியர், கூடவே வேலை பார்க்கும் முதலாளியும் அவர் வீட்டாரும் சேர்ந்து. பவுண்டரிக்கு முதல் எண்ணையும் பம்ப் கம்பெனிக்கு இரண்டாம் எண்ணையும் எடுத்தால் பம்ப் கம்பெனி காரணமில்லாமல் பின்தங்கும்.

இரண்டாவது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பட்டியலை வைத்து ஆள் எண்ணுவது. ஒப்பந்தத் தொழிலாளர் ஒப்பந்தக்காரரின் பி.எஃப். எண்ணில் இருப்பார். பீஸ் ரேட் கான்ட்ராக்ட் டீம் பல இடங்களில் எந்தப் பட்டியலிலும் இருக்காது. வீட்டில் உட்கார்ந்து பிசிர் வெட்டிக் கொடுக்கும் பெண்களை யாரும் எண்ணுவதில்லை. அவர்கள் செய்த வேலை மட்டும் சரக்கின் விலைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

மூன்றாவது, நேரம். திருப்பூரில் சீசன் வந்தால் "ஒன்றரை ஷிப்ட்" என்பது வழக்கம். காலையில் வந்தவர் இரவு வரை, 12 மணி நேரம். சம்பளப் புத்தகத்தில் அது 1.5 என்று இருக்கும், வருகைப் பதிவில் ஒரு ஆள்நாளாக இருக்கலாம். 8 மணி நேரமே ஓடும் பம்ப் கம்பெனியோடு ஆள்கணக்கில் ஒப்பிட்டால், பனியன் கம்பெனி உண்மையில் இருப்பதைவிடப் பாதி மடங்கு கூடுதலாகத் தெரியும். சம்பளப் புத்தகத்து ஷிப்டுகளை 8 ஆல் பெருக்கி மணிக்கணக்காக்குங்கள். மணி நேரத்துக்குக் கூட்டுமதிப்பு என்பதே நியாயமான அளவு.

நான்காவது, ஆண்டில் சில மாதமே ஓடும் தொழில்கள். ஏ.எஸ்.ஐ.யின் சராசரி ஆள் எண்ணிக்கை என்பது ஆள்நாட்களை ஆலை ஓடிய நாட்களால் வகுத்தது. சர்க்கரை ஆலை 600 பேரோடு 150 நாள் ஓடினால் 90,000 ஆள்நாள். பக்கத்தில் ஒரு மில் 300 பேரோடு 300 நாள் ஓடினாலும் அதே 90,000. உழைப்பு ஒன்றே, ஆனால் தலைக்கணக்கில் சர்க்கரை ஆலை பாதியாகத் தெரியும். கரும்பு அரவை, பஞ்சு அரவை போன்றவற்றுக்கு ஆள்நாளைத் தவிர வேறெதையும் எடுக்க வேண்டாம்.

நூல் மில்லில் ஆளுக்கு இத்தனை கிலோ என்று சொல்வது போதாதா?

ஒரே கவுண்ட் (நூலின் நம்பர், அது கூடக் கூட நூல் மெலிது) ஓட்டும் இரண்டு மில்லுக்குப் போதும். கவுண்ட் மாறினால் போதாது. ஸ்பிண்டில் (நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்) வேகம் நிமிடத்துக்கு 18,000 சுற்று, முறுக்குக் காரணி 4.1, திறன் 95 சதவீதம் என்று வையுங்கள். 8 மணி நேர ஷிப்டில் ஒரு ஸ்பிண்டில் 30-ஆம் நம்பர் நூலில் ஏறக்குறைய 183 கிராம் கொடுக்கும், 40-ஆம் நம்பரில் 119 கிராம்தான். நூல் மெலியும்போது நீளத்துக்கு எடை குறைகிறது, அதோடு அங்குலத்துக்கு முறுக்கும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து கிலோவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கின்றன. 40-ஆம் நம்பர் ஓட்டும் மில்லின் ஆட்கள் சோம்பேறிகள் இல்லை.

இதனால்தான் மில்காரர்கள் எல்லா உற்பத்தியையும் 40-ஆம் நம்பருக்கு மாற்றி, 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்மணி என்று கணக்கிடுகிறார்கள். எச்.ஓ.கே. என்பது அதுதான். கோவையில் 1956 முதல் இயங்கும் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் மில்களுக்கிடையே ஒப்பீடு செய்வதும் இப்படி மாற்றிய அளவுகளை வைத்துத்தான். எச்.ஓ.கே. குறையக் குறைய நல்லது என்பதை மறந்து, பெரிய எண்ணைப் பாராட்டி எழுதிய அறிக்கைகளும் உண்டு.

சோமனூர், பல்லடம் தறிகளை ஏர்ஜெட் தறியோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், ஆனால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாதா நாடாத் தறி நிமிடத்துக்கு 140 ஊடை (குறுக்கு நூல்), திறன் 80 சதவீதம், அங்குலத்துக்கு 60 ஊடைத் துணி என்று வையுங்கள். 12 மணி நேரத்தில் ஒரு தறி 34 மீட்டர். ஒருவர் 6 தறி பார்த்தால் சுமார் 205 மீட்டர். ஏர்ஜெட் தறி நிமிடத்துக்கு 700 ஊடை, திறன் 90 சதவீதம், ஒருவர் 10 தறி பார்த்தால் அதே நேரத்தில் 1,920 மீட்டர்.

ஒன்பது மடங்குக்கு மேல். இந்த மடங்கு முழுவதும் இயந்திரத்தின் விலையில் உட்கார்ந்திருக்கிறது. நாடாத் தறிக்காரர் 6 தறிக்கு நடுவே நடந்து, அறுந்த பாவு நூலை முடிந்து, நாடாவில் தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) மாற்றும் வேகம் எந்த ஏர்ஜெட் ஆபரேட்டருக்கும் குறைந்ததில்லை. ஆகவே ஆளுக்குக் கூட்டுமதிப்புக்குப் பக்கத்திலேயே ஆளுக்கு நிலை மூலதனம் (இயந்திரம், கட்டடம் போன்றவற்றில் போட்ட பணம்) என்ற இன்னொரு பத்தி எப்போதும் இருக்க வேண்டும். அந்தப் பத்தி இல்லாத பட்டியலை வெளியிட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பனியன் கம்பெனிக்குள் தையல் லைனின் திறன் எப்படிப் பார்ப்பது?

ஒரு பீஸ் தைக்க நிர்ணயித்த நிமிடத்தை எஸ்.ஏ.எம். என்பார்கள். 30 டெய்லர், 480 நிமிடம்: மொத்தம் 14,400 நிமிடம். எஸ்.ஏ.எம். 8 உள்ள டி-ஷர்ட் 960 பீஸ் இறங்கினால் 7,680 நிமிட வேலை. திறன் 53 சதவீதம்.

எண் ஏன் இறங்குகிறது என்று பார்க்கப் போனால் டெய்லர் கை வேகம் கடைசியில்தான் வரும். முதலில் வருவது ஸ்டைல் மாற்றம். புது ஸ்டைல் ஏறிய முதல் நாளில் லைன் ஓடியும் ஓடாமலும் இருக்கும், இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வேகம் பிடிக்கும். 3,000 பீஸ் ஆர்டர் அதற்குள் முடிந்துவிடும். 50,000 பீஸ் ஆர்டர் எடுப்பவருக்கு அந்த முதல் நாள் நட்டம் கரைந்து போகும். அடுத்து, கழுத்து ரிப் ஷேடு சேராமல் திரும்பிப் போவது, ஓவர்லாக் மெஷினில் பண்டில் குவிந்து ஃபிளாட்லாக் மெஷினில் ஆள் சும்மா இருப்பது, லேபிள் வந்து சேராமல் நிற்பது.

செக்கிங்கில் ஆல்டருக்கு (திருத்தித் தைக்க) திரும்பிய பீஸை இரண்டு முறை எண்ணக் கூடாது. கைமடி, ஹெல்பர் ஆட்களை ஒரு கம்பெனி சேர்த்து இன்னொரு கம்பெனி விட்டால் ஒப்பீடே இல்லை. எஸ்.ஏ.எம்.மைத் தாராளமாகப் போட்டுத் திறனை உயர்த்திக் காட்டுவதும் நடக்கிறது. இரண்டு கம்பெனியை ஒப்பிடும்போது ஒரே பீஸுக்கு இருவரும் போட்ட எஸ்.ஏ.எம். ஒன்றுதானா என்று முதலில் கேளுங்கள்.

பவுண்டரியிலும் இதே ஒழுங்கு வேண்டும். உருக்கிய டன்னை எடுக்கக் கூடாது. ரிஜெக்ஷன் போக, ஃபெட்லிங் (பிசிறு நீக்குதல்) முடிந்து வெளியே போன நல்ல வார்ப்பின் டன்னை ஆள்மணியால் வகுக்க வேண்டும்.

ஒரே தொழில் குறியீட்டில் வரும் ஆலைகள் ஒரே மாதிரிதானே?

இல்லை. தேசியத் தொழில் வகைப்பாட்டில் 20 என்பது ரசாயனப் பொருட்கள். சிவகாசிப் பட்டாசும் கோவில்பட்டித் தீப்பெட்டியும் இந்தப் பிரிவுக்குள்தான் வருகின்றன, மணலியின் பெட்ரோ ரசாயன ஆலைகளும் இதற்குள்தான். கையால் திரி வைப்பவரையும் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்த எண் இருவரையும் குறிக்காது.

இரண்டு இலக்கத்தில் நிற்காமல் நான்கு இலக்கம் வரை இறங்குங்கள். பம்பும் வால்வும் 28-க்குள் தனியே இருக்கின்றன, இரும்பு வார்ப்பு 2431, பின்னலாடை 1430. ஆனால் இறங்கும்போது எத்தனை ஆலைகளின் மாதிரி கிடைக்கிறது என்று பாருங்கள். ஏ.எஸ்.ஐ.யில் சிறிய ஆலைகள் மாதிரி முறையில் எடுக்கப்பட்டுப் பெருக்கெண்ணால் உயர்த்தப்படுகின்றன. பத்துப் பன்னிரண்டு ஆலைகள்தான் இருக்கின்றன என்றால், ஒரு ஆலையின் தவறான பதிவே முழு எண்ணையும் இழுத்துவிடும். அப்போது இரண்டு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பதே வழி.

எண்ணெய்ச் சுத்திகரிப்பு எப்போதும் முதலிடத்தில் வருகிறதே?

அதைத் தனியே எடுத்து வையுங்கள். மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் திறன் ஆண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டன். மூலதனத்தோடு ஒப்பிட்டால் ஆட்கள் மிகக் குறைவு. போதாததற்குக் கச்சா எண்ணெய்க்கும் டீசலுக்கும் இடையிலான விலை இடைவெளி மாறினால் ஆளுக்குக் கூட்டுமதிப்பு ஒரே ஆண்டில் ஏறி இறங்கும். யாரும் கூடுதலாகவோ குறைவாகவோ உழைக்கவில்லை.

இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது விலைவாசியை எப்படி நீக்குவது?

விற்பனையை அதன் விலைக் குறியீட்டாலும், வாங்கிய பொருளை அதன் விலைக் குறியீட்டாலும் தனித்தனியே திருத்த வேண்டும். 2022-இல் பஞ்சு ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. பஞ்சோடு நூலும் ஏறியது. பனியன் விலை அவ்வளவு ஏறவில்லை, ஆர்டர் விலை முன்பே பேசி முடித்தது.

விற்பனை 100, வாங்கியவை 70, அதில் நூல் 50 என்று கொள்ளுங்கள். கூட்டுமதிப்பு 30. நூல் 30 சதவீதம் ஏறி, பனியன் 10 சதவீதமே ஏறினால் விற்பனை 110, வாங்கியவை 85, கூட்டுமதிப்பு 25. அதே பீஸ், அதே ஆட்கள், ஆனால் "உற்பத்தித்திறன்" ஆறில் ஒரு பங்கு சரிவு! பனியன் விலைக் குறியீட்டால் மட்டும் வகுத்தால் 22.7 ஆகி இன்னும் கெடும். இரண்டையும் தனித்தனியே திருத்தினால் 100 கழித்தல் 70, மீண்டும் 30 வரும். உண்மை அதுதான்.

சாயப்பட்டறைகளுக்கு இன்னொன்றும் உண்டு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்கு மாறியே திரும்ப ஓட முடிந்தது. சுத்திகரிப்புக்கான மின்சாரமும் ரசாயனமும் செலவில் ஏறின. நொய்யல் ஆற்றுக்கு அது அவசியம். ஆனால் அந்தச் செலவு கூட்டுமதிப்பைக் குறைப்பதை, சாயத் தொழிலாளியின் திறன் குறைந்ததாகப் படிக்கக் கூடாது.

மாவட்ட வாரியாக ஒப்பிடலாமா?

கவனம் தேவை. மாவட்ட உற்பத்தி மதிப்பீடுகளில் பதிவு பெறாத தொழில், வணிகம் போன்ற பகுதிகள் பெரும்பாலும் மாநில மொத்தத்தை மாவட்டத் தொழிலாளர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரித்துப் போட்டவை. ஆள் எண்ணிக்கையால் பிரித்ததை மறுபடி ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் எல்லா மாவட்டத்துக்கும் ஒரே எண்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு "மாவட்டங்களிடையே வேறுபாடு இல்லை" என்று எழுதக் கூடாது. மேலும், ஒரே நிறுவனம் ஒரே மாநிலத்தில் உள்ள பல ஆலைகளுக்குச் சேர்த்து ஒரே படிவம் கொடுக்கும் வழக்கமும் உண்டு.

விவசாயத்தில் உற்பத்தித்திறன் மிகக் குறைவு என்பது உண்மையா?

தமிழ்நாட்டில் வேலை செய்வோரில் கால்வாசிக்கும் மேல் விவசாயத்தில், மாநில உற்பத்தியில் அதன் பங்கு எட்டில் ஒன்று அளவில். தலைக்கணக்கில் இடைவெளி பெரிதுதான். ஆனால் ஆண்டில் சில வாரம் களை எடுக்கப் போனவரும் துணை வேலைக் கணக்கில் தொழிலாளராக எண்ணப்படுகிறார். வாரத்துக்கு உழைத்த மணி நேரத்தைக் கொண்டு திருத்தினால் இடைவெளி சுருங்கும், மறையாது.

வட்டாரத்தின் மொத்த எண் ஏறியதா, தொழில்கள் முன்னேறினவா என்று பிரிப்பது எப்படி?

முதலில், தொழில்களின் சராசரிகளுக்குச் சராசரி எடுக்காதீர்கள். எல்லாக் கூட்டுமதிப்பையும் கூட்டி, எல்லா ஆட்களையும் கூட்டி, பிறகு வகுங்கள்.

ஒரு வட்டாரத்தில் 100 பேர். ஆடையில் 60 பேர், ஆளுக்கு 3 லட்சம். பொறியியலில் 40 பேர், ஆளுக்கு 10 லட்சம். வட்டாரச் சராசரி 5.8 லட்சம். சில ஆண்டு கழித்து இரண்டிலும் ஐம்பது ஐம்பது பேர், ஆடை 3.3 லட்சம், பொறியியல் 9.6 லட்சம். சராசரி 6.45 லட்சம். ஏற்றம் 0.65.

தொழில்களுக்குள் நடந்தது: 0.6 × 0.3 = 0.18, 0.4 × (−0.4) = −0.16. கூட்டினால் 0.02 மட்டுமே. ஆட்கள் இடம் மாறியதால் வந்தது: 0.1 × 10 − 0.1 × 3 = 0.7. இரண்டும் சேர்ந்த விளைவு: 0.1 × (−0.4) − 0.1 × 0.3 = −0.07. கூட்டிப் பாருங்கள், 0.65 வரும். அதாவது எந்தத் தொழிலும் பெரிதாக முன்னேறவில்லை, ஆட்கள் நகர்ந்தார்கள். பொறியியல் தேய்ந்துகூட இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் 11 சதவீத வளர்ச்சி என்றே தெரியும்.

கூலிப் பேச்சில் இந்த எண்ணைக் கொண்டுவரலாமா?

ஒரே தொழிலின் இரண்டு ஆண்டுகளை ஒப்பிடக் கொண்டுவரலாம். பனியன் தொழிலையும் கார்த் தொழிலையும் பக்கத்தில் வைத்து, "அங்கே ஆளுக்கு இவ்வளவு, இங்கே இவ்வளவுதான், கூலி எப்படி ஏற்றுவது?" என்று கேட்பதற்கு இந்த எண் இடம் தராது.

அங்கே கேட்க வேண்டியது கூட்டுமதிப்பில் சம்பளத்தின் பங்கு எவ்வளவு, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது. ஏ.எஸ்.ஐ.யில் சம்பளத்தோடு பி.எஃப்., நலச் செலவுகள் தனி வரிகளில் இருக்கும், அவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளருக்குக் கொடுத்தது சம்பள வரியில் இருக்கிறதா, வேறு செலவு வரியில் போயிருக்கிறதா என்று ஈ-பிளாக்கையும் எஃப்-பிளாக்கையும் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். வேறு வரிக்குப் போயிருந்தால் சம்பளப் பங்கும் கூட்டுமதிப்பும் ஒருசேரக் குறைந்து தெரியும். அந்தத் தொகையை இரண்டிலும் திரும்பச் சேர்த்த பிறகே பேச்சுக்கு எடுத்துச் செல்லுங்கள்.